பதினான்காம் எண் ஒட்டுச்சீட்டு

தைத்து முடிந்த குழந்தைச் சட்டைகள் அவள் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். தையல், பொத்தான், நூல் பிசிறு எல்லாம் பார்த்துவிட்டு, காலரில் பதினான்கு என்று தன் பரிசோதகர் எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ஒட்டுவாள். பதினொரு வருடமாக அதே எண்.

அன்று கை வேலை செய்தது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனவள். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு அக்காவுக்கும் அவளுக்கும் இருந்தது. அக்கா சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டாள். முப்பத்தொன்பது வயதில் இவளும் எடுப்பதா, ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் என்று கண்காணிப்பதா? மாலை ஐந்துக்குள் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

"ஸ்கேன்ல ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும்னு உறுதி தர முடியாதும்மா," என்றிருந்தார் மருத்துவர். "எடுத்தா ஆபத்து ரொம்பக் குறையும். ஆனா மாதவிடாய் அதோட நின்னுடும்."

சாப்பாட்டு நேரத்தில் அக்கா அழைத்தாள்.

"என்னடி முடிவு?"

"ஸ்கேன் பாத்துக்கலாம்னு இருக்கேன்க்கா. நல்லா இருக்கறதை எதுக்கு வெட்டணும்?"

"வெட்டாதே. வருஷத்துக்கு ரெண்டு தடவை வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டு உக்காரு."

"நீ மட்டும் என்ன, எடுத்ததுலேர்ந்து உடம்பு தகிக்குதுன்னு குட்டி ஃபேனைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறே. ராத்திரியெல்லாம் நீ போடற ஏசி குளிர்ல நடுங்கறேன்னு மாமா புலம்பறாரு."

"பொண்டாட்டி உயிரோட இருக்காளேன்னு சந்தோஷமா நடுங்கட்டும்."

மூன்றரைக்கு மேற்பார்வையாளர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து வைத்தார். வாங்கியவர் திருப்பி அனுப்பியது. அக்குள் மடிப்புக்குள் ஒடிந்த ஊசிமுனை, ஊசியைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கும் தப்பியிருந்தது. காலரில் பதினான்கு.

"நல்லாத்தான் சார் பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. உள்ள இருக்கறது வெளியே எப்படித் தெரியும்? இனிமே அழுத்திப் பாருங்க."

அவர் போனபின் சட்டையை விளக்கடியில் பிடித்தாள். தையல் சீராக இருந்தது. இப்போது வந்தாலும் ஒட்டுச்சீட்டு ஒட்டித்தான் அனுப்புவாள். கட்டைவிரலால் தடவினாள், சுருக்கென்றது.

நாலு நாற்பதுக்கு நடைவழியில் நின்று மருத்துவமனையை அழைத்தாள்.

"ஸ்கேனுக்கா மேடம்?"

"இல்ல, ஆபரேஷனுக்கு." குரல் யாருடையதோ போலிருந்தது. "சீக்கிரம் ஒரு தேதி குடுங்க."

மேசைக்குத் திரும்பியபோது சட்டைகள் குவிந்திருந்தன. ஒவ்வொரு மடிப்பாக அழுத்தினாள். குவியல் குறையவில்லை. சரியாகத்தான் செய்தோமா என்ற கேள்வியும் விடவில்லை. கைபேசியை எடுத்து அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்: "அந்தக் குட்டி ஃபேனை எந்தக் கடைல வாங்கினே?"