பட்டாபிஷேகத்தின் பின்பக்கம்

பதினேழாவது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியதும் ஸ்வர்ணலதா அதன் பின்பலகையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் சாமிப் படங்கள் பிணத்தைப் பார்க்கக் கூடாது. மற்ற வீட்டில் நாலு படம் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. செங்கல்வராயன் வீட்டில் கூடம் முழுக்கப் படம்தான். எங்கே பழைய வீட்டை இடித்தாலும் சைக்கிளில் போய் நின்று, தஞ்சாவூர்ப் படமும் கண்ணாடிப் படமுமாக நாற்பது வருஷம் சேர்த்த மனுஷன். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்து வீடுகள் இடிபட்டபோது அவருக்குச் சோறு தண்ணிகூட வேண்டியிருக்கவில்லை. அவளைப் பெற்ற நைனா, இப்போது கூடத்து நடுவில் கிடக்கிறார்.

முன்பக்கம் அந்தப் பதினேழாவது படம் வீட்டிலிருந்த மற்ற ராமர் பட்டாபிஷேகங்களைப் போலத்தான், புதுச்சட்டம் வேறு. பின்பலகையில் சிவப்புச் சாயத்தில் தெலுங்கு எழுத்து: ஊர்க் கோயிலின் பெயர், எண் பன்னிரண்டு.

கோயிலிலிருந்து அந்தப் படம் காணாமல் போனபோது அவளுக்குப் பத்து வயது. கோயில் காவல்காரன் கங்கையாவைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். அவன் குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போனவன்தான், திரும்பவில்லை. அவன் அடிபட்டபோது நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

எழுத்து யார் கண்ணிலும் படாமலிருக்கப் படத்தை மறுபடி திருப்பப் போனாள்.

"சாமி மொகத்த காட்டாத, ஸ்வர்ணா. வுடு அப்டியே," என்றாள் அத்தை பொன்னியம்மாள்.

கோயில் தர்மகர்த்தா வேதாச்சலம் மாலையோடு உள்ளே வந்தார். ஸ்வர்ணலதா பலகையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். பயத்தில் அழுகைகூட வரவில்லை. பிணம் எடுக்குமுன் நைனாவைத் திருடன் என்று சொல்லிவிடுவார்களோ? திருடன்தானே என்றும் தோன்றியது.

"பொண்ணு வாய்க்கரிசி போடணும். வாம்மா," என்றார் வேதாச்சலம்.

அவள் நகரவில்லை.

"எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருப்ப?" அத்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கமலம்மா எழுந்தாள். தள்ளாடி வந்து மகளின் தோளோடு தோளாகச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"நீ போய் அரிசி போடு. நா இங்க நிக்கறேன்."

"அம்மா, உனக்கு..."

"போடி."

ஸ்வர்ணலதா நகர, அந்த இடத்தில் அம்மாவின் முதுகு வந்தது. நைனாவின் உதட்டில் அவள் போட்ட அரிசி பாதி கீழே சிந்தியது.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் எல்லாரும் வாசல்வரை அழுதுகொண்டு போனார்கள்.

"கமலம்மா, வாசல் வரைக்குமாவது வா," என்றார் வேதாச்சலம்.

அவள் வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாவம், தெம்பில்ல," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

பறைச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. கமலம்மா இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் பலகையில் பதித்தபடி சுவரோடு நின்றுகொண்டிருந்தாள்.