அக்டோபரோடு நின்ற டிஸ்க்

சர்வரின் முதல் டிஸ்க் செத்து இரண்டு நாளாகிறது. உள்ளே தட்டு கீறிப்போய்விட்டது, இனி எவனாலும் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் வெர்லின் கலங்கவில்லை. மின்னசோட்டாவின் வடகோடியில், ஆளைவிட மான் அதிகமாக நடமாடும் அந்தக் குட்டி மாவட்டத்தின் அவசர அழைப்புகளைப் பதிவு செய்யும் சர்வர் அவன் பொறுப்பு. ஒவ்வொரு நாள் பதிவும் இரண்டாவது டிஸ்க்கில் நகலாகும்படி போன வருடமே ஏற்பாடு செய்திருந்தான். அந்தப் பெருமையில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தான்.

அவன் மேசைக்கு எதிரே ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். போன மாதம், ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில், அவள் கணவன் மில்ட் சமையலறையில் விழுந்து செத்தான். அம்மா அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அதனால்தான் அப்பா போனார் என்று மகன் ட்ராய் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். விழுந்த உடனே கூப்பிட்டேன், மில்ட் பின்னால் பேசியதுகூடப் பதிவில் கேட்கும் என்கிறாள் அவள். அழைப்பை எடுத்தவளுக்கோ அன்றைய பரபரப்பில் எதுவும் நினைவில்லை.

"ரெண்டே நிமிஷம் குடுங்க, ஆர்டிஸ்."

"ஆம்புலன்ஸ்காரனும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னான்."

வெர்லின் இரண்டாவது டிஸ்க்கை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகினான். அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கும் இதுவுமாகத் திரையில் இரண்டு தெரிந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே கம்பெனி. மாற்றித் தொட்டால் குடி கெட்டது. மேலே ஒட்டியிருந்த எண்ணைத் திரையிலிருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு, படிக்க மட்டும் முடிகிற மாதிரி, அதை ஒரு காலி ஃபோல்டரில் மாட்டினான்; அப்படி மாட்டினால்தான் டிஸ்க்கில் இருப்பது அந்த ஃபோல்டர் வழியாகத் தெரியும்.

தேதி வாரியாக எல்லாம் வந்தது. கடைசித் தேதி அக்டோபர் பதினான்கு.

மறுபடி பார்த்தான். அதே பதினான்கு.

அன்றைக்குத்தான் சர்வரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். கையால் மாட்டிய டிஸ்க் அணைக்கிற வரைக்கும்தான் நிற்கும். அடுத்த முறை தானாக மாட்டிக்கொள்ள, அதற்கென்று உள்ள கோப்பில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று விட்டிருந்தான். டிஸ்க் கழன்றாலும் அதை மாட்டியிருந்த ஃபோல்டர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தது. நான்கு மாத நகல்களும் அதில்தான் விழுந்தன, அதாவது முதல் டிஸ்க்கிலேயே. அசலும் நகலும் ஒரே குழியில். 'நகல் முடிந்தது' என்று தினமும் வந்த செய்தியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்ட முட்டாள் அவன்தான்.

இதுவும் செத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் முகத்தைப் பார்த்தான், பொய் வரவில்லை.

"ஜனவரி இதுல இல்ல, ஆர்டிஸ். என் தப்பு. ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்."

"ஒரு வரியா?"

"ஆமா."

அவள் மேசையிலிருந்த நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். "அப்போ இப்ப எழுது. பின்னாடி மில்ட் பேசுறது கேட்டுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நீ சொன்னா ட்ராய் நம்புவான். ஒரு வரிதானே?"

வெர்லின் பேனாவை எடுத்தான். எழுத வரவில்லை.

"நான் கேக்கலியே, ஆர்டிஸ்."

அவள் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"யாருமே கேக்கலடா," என்றாள்.