எசென்குல் பாய்ச்சல்

மலைகளுக்கும் மந்தைகளுக்கும் மாவட்ட மக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கோகோமெரன் ஆற்றில் காலமெல்லாம் ராஃப்ட் என்னும் காற்றடைத்த ரப்பர் படகை ஓட்டியும் ஒருமுறைகூடக் கவிழாத ஒரே வீரன் எசென்குல். அறிவித்தவரும் எசென்குல்தான்.

அந்த ஆற்றில் ஒரு வழக்கம். பாறைகளில் மோதித் தண்ணீர் சீறிப் பாயும் இடத்துக்குப் பாய்ச்சல் என்று பேர்; எந்தப் பாய்ச்சலில் எவன் கவிழ்கிறானோ, அதற்கு அவன் பெயர். பாறை அடுக்குகள் சிவப்பும் பச்சையுமாய்ச் செங்குத்தாக நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கு நெடுக இப்படிப் பெயர்கள். மைத்துனன் ஜுமாஷுக்கு மட்டுமே இரண்டு பாய்ச்சல்கள். எசென்குல்லுக்கு ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததைப் பதக்கம்போல் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தான்.

இந்த வசந்தத்தில் பள்ளத்தாக்கின் பாறைச் சுவரிலிருந்து ஓர் அடுக்கு பெயர்ந்து ஆற்றுக்குள் விழுந்தது. புதிதாக ஒரு பாய்ச்சல் பிறந்தது. பயணிகளை ஏற்றுமுன் வெள்ளோட்டம் பார்க்க எசென்குல்லும் ஜுமாஷும் மட்டும் இறங்கினார்கள்.

"மச்சான், பேசாம ராஃப்டைத் தூக்கிட்டுக் கரையோரமா நடந்துரலாம்," என்றான் முன்னால் உட்கார்ந்திருந்த ஜுமாஷ்.

"ரெண்டு எடத்துல குளிச்சவன் புத்தி சொல்றான்! வாய மூடிட்டுத் துடுப்பப் போடு."

தண்ணீர் பாறைமேல் ஏறித் திரும்பி விழுந்தது. ராஃப்ட் ஒருக்களித்து நின்றது. பச்சைப் பாறைச் சுவர் தலைக்குமேல் சாய்ந்து வந்தது.

"மேல் பக்கம் விழுடா! மேல் பக்கம்!"

இருவரும் உயர்ந்த விளிம்பின்மேல் பாய்ந்தார்கள். ராஃப்ட் சற்று யோசித்தது. பிறகு தொப்பென்று நிமிர்ந்து, அமைதியான தண்ணீருக்குள் வழுக்கி இறங்கியது.

எசென்குல் கரையேறி மார்பை நிமிர்த்தினான். "இனிமே கவிழ்ந்தவன் பேரெல்லாம் கிடையாது. ஜெயிச்சவன் பேருதான். இது எசென்குல் பாய்ச்சல்!"

"வேணாம் மச்சான். நல்லா யோசிங்க."

"பொறாமை!"

அன்றே வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்து, குதிரை உயரத்துக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சிவப்புப் பாறையில் தன் பெயரைத் தானே எழுதினான். எட்ட நின்று பார்த்தான். ஆறே தன்னைப் பார்த்துச் சலாம் போடுவதாகப் பட்டது. அன்றிரவு வீட்டில் இரண்டு கிண்ணம் குதிரைப்பால் கூடுதலாகக் குடித்தான்.

மறுவாரம் மேலாற்றுப் படகோட்டிகள் வந்தார்கள். பாறையைப் படித்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். ஒவ்வொருவராக வந்து எசென்குல்லின் தோளைத் தட்டினார்கள்.

"விடுங்கண்ணே. எல்லாருக்கும் நடக்குறதுதான்."

"யோவ், நான் கவிழவே இல்லய்யா! வேணும்னா இவனக் கேளுங்க!"

எல்லோரும் ஜுமாஷைப் பார்த்தார்கள்.

ஜுமாஷ் ராஃப்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.