நடு நாற்காலி

என் மாமாவின் பெரிய சொத்து அவருடைய காதுகள்தான். அத்தை கூப்பிட்டால் மட்டும் அவை வேலை செய்யாது. மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமைதோறும் பல் டாக்டர் வீட்டு மாடியறையில் ஆறு பேர் கூடிப் பாட்டு கேட்பார்கள். பாட்டு என்பதுகூடத் தப்பு, ஸ்பீக்கரைக் கேட்பார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. கூட்டத்திலேயே கூர்மையான காதுக்காரருக்குத்தான் அது. பதினோரு வருடமாக மாமா அதில் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பதவி.

டாக்டர் ஸ்பீக்கருக்கு மலைப்பாம்பு பருமனில் புது கேபிள் வாங்கினார். மாட்டியதும் இசை அப்படியே விரிகிறது என்றார். அன்று மாமாவோடு போயிருந்த நான் மின்னணுவியல் படிப்பவன், வாய் சும்மா இருக்குமா?

“எந்த கேபிள்னு பாக்காம சொல்லுங்க சார், பாப்போம்.”

திரைக்குப் பின்னால் நின்று கேபிளை மாற்றிச் செருகுவது என் பொறுப்பு. பத்துச் சுற்று. என்ன வித்தியாசம் கேட்டதென்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். நான் பத்துச் சுற்றிலும் பழைய கேபிளையே சத்தமாகப் பிடுங்கி, அதையே திரும்பச் செருகினேன். மலைப்பாம்பு என் காலடியில் சுருண்டு தூங்கியது.

டாக்டர் தாள்களை உரக்கப் படித்தார். மூன்றாம் சுற்றில் பாடகியின் மூச்சு, ஆறு பேரில் ஒருவரான வக்கீலின் கன்னத்தில் பட்டிருந்தது. ஏழாம் சுற்றில் டாக்டருக்கு வயலின்காரரின் முழங்கையே தெரிந்திருந்தது. மாமாவின் தாளில் பத்து வரியிலும் ஒன்றேதான்: வித்தியாசம் இல்லை.

அறை இழவு வீடானது.

“வயசாகுதுல்ல சார்,” என்றார் வக்கீல், மிகுந்த கருணையோடு. “காதை ஒரு தடவை காட்டிடுங்க.”

கைதட்டலை எதிர்பார்த்துத் திரையை விலக்கினேன். “நான் கேபிளை மாத்தவே இல்ல. மாமா மட்டும்தான் சரியா எழுதியிருக்காரு.”

“அப்ப எங்களை ஏமாத்தினே,” என்றார் டாக்டர்.

“ஆமா சார். சோதனையே அதானே?”

“ஏமாத்துறவன் மாத்தலைன்னு சொன்னா, அதை மட்டும் எப்படிப்பா நம்புறது?”

“சாட்சியே செல்லாது,” என்று வக்கீல் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நடு நாற்காலியில் வக்கீல் இருந்தார். மாமாவுக்குச் சுவரோர ஸ்டூல். அதற்குள் அவர் காது டாக்டரையும் பார்த்துவிட்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் தெருவிளக்கடியில் நின்று அந்த அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

“வயசுக்கு ரொம்ப நல்ல காதுன்னு போட்டிருக்கு. ஆனா அஞ்சு பேருக்குக் கேட்டிருக்கேடா?”

“மாமா, மாத்தாதது எப்படிக் கேக்கும்?”

“ஒரே ஒரு தடவை, தெரியாம மாத்தியிருப்பே. நல்லா யோசிச்சுச் சொல்லு மாப்ளே.”

அப்படிக் கெஞ்சி அவரை நான் பார்த்ததில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “இல்ல மாமா” என்றேன். உண்மை பேசுகிறவனுக்கு அன்று என்ன மிடுக்கு!

மூன்றாவது சனிக்கிழமை மலைப்பாம்பு கேபிளை மெய்யாகவே மாட்டியிருந்தார்கள். ஸ்டூலில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தலையசைத்தார்.

“ஆமா டாக்டர். விரியுது.”

வக்கீல் உடனே எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டார். மாமா போய் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடுக்களையிலிருந்து அத்தை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள், அதுவும் மெதுவாக.

“இதோ வந்துட்டேன்,” என்று மாமா எழுந்து ஓடினார்.