அப்பாவின் பங்கு

சுட்ட பன்றியின் முதுகில் வெட்டுக்கத்தி இறங்கியதும் சிவந்த தோல் மொறுமொறுவென்று உடைந்தது. தமாதாவ் துறைமுகத்துச் சீனர் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு எச்சில் ஊறாத நாக்கு கிடையாது. கல்லறை சுத்தம் செய்யும் திருநாளில், இறந்தவர்களுக்குப் படைத்துவிட்டு வீட்டுக்கு ஒரு பங்கு வெட்டிக் கொடுப்பார்கள். பங்கு வாங்கினால் சீனர் சங்கத்து ஆள். வாங்காவிட்டால் வேடிக்கை பார்க்க வந்த ஆள்.

என் அப்பா ஃபோக் விங் சாம் இருந்தவரை என்னை இங்கே கூட்டி வந்ததேயில்லை. எங்கள் கிராம்புக் கடையில் அம்மாவோடு இந்தத் தீவின் மலகாசி மொழியில்தான் பேசுவார். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனம் எண்களும் வசவுகளும் மட்டுமே. வியாபாரத்துக்கு அது தாராளம். வருடத்துக்கு ஒருமுறை இங்கிருந்து வாழையிலைப் பொட்டலத்தோடு திரும்பி, கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து என் தட்டில் வைப்பார். போன ஆகஸ்டில் அவரை இங்கே புதைத்தோம். இன்று முதன்முறையாகப் புல் செதுக்கி, கல் கழுவி, ஊதுபத்தி ஏற்றினேன்.

சங்கத் தலைவர் லியோங் கத்தியும் கையுமாகப் பங்குப் பட்டியலைப் படித்தார். சான், ஹோ, லாவ். ஃபோக் என்ற எங்கள் குடும்பப் பெயர் வரவில்லை. தட்டோடு முன்னால் போனேன்.

"எங்கப்பா பேரு விட்டுப்போச்சு தலைவரே."

"விடல தங்கச்சி, எடுத்துட்டோம். அந்த வீட்ல ஆம்பளப் புள்ள இல்லையே. நீ பொண்ணு, அதுலயும் மலகாசிக்காரி வயித்துல பொறந்தவ. மனசுல வச்சுக்காத. நூடுல்ஸ் நெறைய இருக்கு, சாப்ட்டுட்டுப் போ."

அப்பாவின் வம்சத்துக்கு நான் ஒரு முற்றுப்புள்ளி என்று நாற்பத்தாறு வயதில் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காலையில் இந்தப் பன்றியை ஏற்றி வந்தது என் லாரி. அது மட்டும் கலப்பில்லாத சீன லாரி போலிருக்கிறது.

"உங்கப்பாவப் பெத்த பாட்டி எந்தக் கப்பல்ல வந்தாங்க தலைவரே? ஃபெனெரிவ் சந்தையில மரவள்ளி வித்த மலகாசிக்காரிதானே?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லியோங்கின் காது சிவந்தது.

"அது வேற. எங்களுக்குத் தாத்தா பேரு நிக்குது."

"எங்கப்பா பேரு மட்டும் படுத்துருச்சா? கடைப் பலகையப் போய்ப் பாருங்க. ஹோர்தான்ஸ் ஃபோக்னு என் பேரு ஒரு முழ எழுத்துல எழுதிருக்கு."

"கத்தாத. இந்தா, இந்தப் பன்னிக் காத வாங்கிக்க. நல்ல எடம்."

முதல் விலை வந்துவிட்டது. சந்தையாக இருந்தால் இன்னும் ரெண்டு தடவை முகத்தைத் திருப்பி ஒரு தொடையையே வாங்கியிருப்பேன். தட்டை அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினேன்.

"காதும் வேணாம், காலும் வேணாம். பேரப் படிங்க. ஃபோக் விங் சாம். சத்தமா."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நான் தட்டை இறக்கவில்லை. வெட்டுப்பலகை விளிம்பில் திரண்ட கொழுப்பு, கீழே கிடந்த பட்டியல் தாளின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவிக்கொண்டிருந்தது.