பல் தடம்

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு, நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் பம்பரம், பேங்க் மேடத்தின் மகனைக் கடித்துவிட்டான். பம்பரம் என் அண்ணன் மகன், இரண்டு வயது. ஓரிடத்தில் நிற்காததால் அந்தப் பெயர். நான் பாய்ந்து பிடித்தபோது அவன் வாய் இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. இழுத்து விலக்கினேன். முழங்கைக்குக் கீழே வட்டமாகப் பல் தடம். நல்லவேளை, தோல் கிழியவில்லை.

கழுவி, ஐஸ் வைத்து, படிவத்தில் எழுதினேன்: 'இன்னொரு குழந்தை கடித்தது.' எந்தக் குழந்தை என்று எழுதக் கூடாது. பெயர் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று டிப்ளமோவில் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படித்ததை அப்படியே செய்தால் எவரும் நம்மைக் கை நீட்டிப் பேச முடியாது என்று நம்பியிருந்தேன்.

காப்பகம் என்றால் இரண்டு அறை, ஒரு முற்றம், பதினோரு குழந்தைகள், நானும் அண்ணியும். பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. மகனைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான் அண்ணி வேலைக்கு வந்தாள்.

மாலையில் பேங்க் மேடம் வந்து கையைப் பார்த்தார். யார் என்று மட்டும் சொல்லச் சொன்னார். சொல்வதில்லை, அது எங்கள் விதி என்றேன். அவர் கோபப்படவில்லை. பார்வை அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மிளகிடம் போய் நின்றது. மிளகு பார்சல் வேன் ஓட்டுபவரின் மகள், மூன்று வயது. ஒரு சைஸ் பெரிய கவுன், கலைந்த தலை. பொம்மைக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"புரியுது" என்றார் மேடம்.

அவருக்குப் புரிந்தது என்னவென்று எனக்கும் புரிந்தது. பின்னால் பாய் மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன். விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூட்டும்போது, சொல்லிவிடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"தாராளமா சொல்லு. நாளையிலேர்ந்து நானும் அவனும் வரல. கடிக்கிற பிள்ளைன்னு பேர் வாங்கத்தான் இங்க வந்து ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மூக்கு சிந்தி விடறேனா?"

 அன்று சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் புரண்டேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

புதன் காலை ஏழரைக்கு வேன் வந்தது. வழக்கமாக டிரைவர் மகளைத் தூக்கி இறக்கி, "பார்சல் வந்திருக்கு, கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்பார். அன்று விளையாட்டுப் பேச்சு இல்லை. மிளகின் கீழுதடு வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"இனிமே கடிக்கமாட்டா டீச்சர். நேத்து கேட்டு வாசல்ல அந்த பேங்க் மேடம் சொன்னாங்க, மானமே போச்சு. நான் கடிக்கலன்னு சாதிச்சா. பொய் வேற சொல்றியான்னு வாயிலயே ஒண்ணு வச்சேன். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க, விட வேற இடமில்ல."

 சமையலறை வாசலில் பால் புட்டியோடு அண்ணி நின்றிருந்தாள். அவள் பார்வையில் கெஞ்சல் இல்லை, எச்சரிக்கை இருந்தது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். பேங்க் மேடம் மகனோடு உள்ளே வந்தார். வரட்டும், எல்லாரும் கேட்கட்டும்.

"இவ கடிக்கல. கடிச்சது என் அண்ணன் பையன்."

மேடம்தான் முதலில் பேசினார், அதுவும் சிரித்துக்கொண்டே. "அட, உங்க வீட்டுப் பையனா? பல்லு முளைக்கிற வயசு, கடிக்கத்தானே செய்வான். நான்கூட வேற யாரோன்னு நினைச்சேன்."

"யாருன்னு நினைச்சீங்க? இதோ நிக்கறா, அவகிட்டயே சொல்லுங்க" என்றேன்.

மேடம் கைப்பையில் போனைத் தேடினார். டிரைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

விதி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து உள்ளே போய்விட்டது. மேடத்தை என்னென்ன கேட்க நினைத்தேனோ, அத்தனையும் டிரைவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணி புட்டியை மேசையில் வைத்தாள். மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் நடுவே புகுந்து வெளியே போனாள். அவள் தோளுக்கு மேலிருந்து பம்பரம் எல்லாருக்கும் டாட்டா காட்டினான்.

டிரைவர் தன் மகள் முன்னால் குந்தி, அவள் கன்னத்துக்குக் கையை நீட்டினார். மிளகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தன் முட்டியில் வைத்துக்கொண்டார்.

"அப்பாகூட வேன்ல வர்றியாம்மா? இன்னைக்குப் பூரா முன் சீட்டு."

அவள் உடனே வரவில்லை. அவர் அப்படியே குந்தியிருந்தார். பிறகு அவளே நடந்து போய் வேன் கதவருகில் நின்றாள். நாளைக்கு அனுப்புவீர்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

"அப்ப, இவனை விட்டுட்டுப் போகலாமா?" என்றார் மேடம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆள் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். கேட்டைச் சாத்தி அதன் முன்னால் நின்றுகொண்டேன். அடுத்த ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடித்தது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன்.