சயாமைப் பார்த்த சக்கரங்கள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மலாக்கா காஜா பேராங் சாலையில், கருணாகரனின் பட்டறை வாசலில் ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. அதை எந்தத் திசையில் நிறுத்தினாலும் முன்சக்கரங்கள் சயாம் பக்கம் திரும்பிக்கொள்ளும். வடக்கு, கொஞ்சம் மேற்கு. ஊர்க் கடிகாரங்கள் டோக்கியோ நேரம் காட்டிய காலம் அது. இருட்டில் எழுந்து அதைக் காலை என்றார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று அதைச் சோறு என்றார்கள். காரைப் பற்றியும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

போருக்கு முன் அந்தக் கார் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்கார டாக்டருடையது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மூக்கு நீளம், வயிற்றுக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி. அப்போதே பழசு. டாக்டர் ஒருமுறை அதைக் கால்வாயில் இறக்கி முன்பக்கத்தை நொறுக்கிவிட்டார். கருணாகரனின் அண்ணன் தியாகுதான் முன் அச்சையும் ஸ்டீரிங் பெட்டியையும் முழுதாகக் கழற்றித் திரும்பக் கட்டினார். ஸ்டீரிங் பெட்டிக்குள் ஆட்டம் இல்லாமல் இருக்க மெல்லிய தகடு வைப்பது வழக்கம். கடைத் தகட்டைத் தியாகு தொடமாட்டார். பால் டின்னை வெட்டி, ஓரத்தைப் பல்லால் கடித்து மழுக்கித்தான் வைப்பார். அரம் போட்டால் தகடு கோணிவிடும் என்பது அவர் கட்சி. அந்தச் சத்தத்தில் கருணாகரனுக்குப் பல் கூசும். எழுந்து வெளியே போய்விடுவான். சிங்கப்பூருக்கு ஓடிய அன்று டாக்டர் சாவியைத் தியாகுவின் கையில் கொடுத்து, அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வரவில்லை.

அடுத்த ஆண்டு புக்கிட் ரம்பாய்த் தோட்டத்தில் ஜப்பானியரின் லாரி ஒன்று கிளம்பாமல் நின்றது. தியாகுவைக் கூப்பிட்டார்கள். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் எதையும் அரைகுறையாகப் பழுது பார்த்ததில்லை. லாரி கிளம்பியது. தோட்டத்து ஆட்களோடு அவரையும் அதே லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் அவர் மனைவி ருக்மணி காரின் மூக்கின் மேல் மரவள்ளி வில்லைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தின் கீழ் சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். செய்தி சாயங்காலம்தான் வந்தது.

அதிலிருந்து அவள் காலையில் வாசல் பெருக்கியதும் சக்கரத்தைப் பார்ப்பாள். சில நாள் அவை சும்மா நின்றன. சில நாள் நடுங்கின.

“இன்னிக்கு நடுக்கமா இருக்கு தம்பி. காய்ச்சல் போல.”

“காத்துக்கு ஆடுது அண்ணி.”

“காத்தே இல்லையே.”

நடுக்கம் நின்றால் அன்று அவள் சாப்பிடுவாள். தோட்டத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். தங்கள் ஆட்களும் அதே திசையில் போனவர்கள் என்பதால் சக்கரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார்கள். தமிழ் மறந்து மலாய் பேசும் கம்போங் செட்டிப் பெண்கள் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி, ரப்பர் டயரில் மல்லிகை வைத்துவிட்டுப் போனார்கள். பூ வாடியதும் ருக்மணி எடுத்துப் போட்டாள். அந்த ஆண்டு வடக்கே தம்பின் ஊருக்குப் போகும் தண்டவாளத்தையும் பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பினார்கள். ஆளையும் கொண்டுபோய், பாதையையும் கொண்டுபோன பிறகு ஊரில் போக்குவரத்து குறைந்தது.

பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலுக்குப் பொறுப்பான லெப்டினன்ட் ஒருவன் காரைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டான். திடல் வடக்கே இருந்ததால் போகும்போது குறை சொல்ல எதுவுமில்லை. திரும்பும்போது வயலில் இறங்கினான். மறுநாள் ஒரு கோழிக்கூண்டில். மூன்றாவது தடவை கைத்தாங்கலாக வந்து காரைப் பட்டறையில் விட்டான். கூட அப்துல் சமது வந்தார். சாலை முனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையில் விற்க ஒன்றுமில்லாமல் போனபின் ஜப்பான் பாஷை படித்து மொழிபெயர்க்கப் போயிருந்தார்.

லெப்டினன்ட் நீளமாகக் கத்தினான். சமது ஒவ்வொரு சொல்லுக்கும் தலை குனிந்தார்.

“என்ன பாய் சொல்றான்?”

“பாதி திட்டு. அத விடு. மாமன்னர் பொறந்தநாளுக்கு இந்தக் கார்தான் அணிவகுப்புல முன்னால போகுமாம். நேராப் போகணும். கோணிச்சுன்னா அடுத்த லாரியில நீ சயாமுக்கு.”

“நல்லதாப் போச்சு. வழி தெரியாதுன்னு கவலை இல்ல.”

“வாயக் கொறைடா. சுசாலா, ரொம்பக் கஷ்டம். இவன் சொன்னா செய்வான்.”

கருணாகரன் வேலையைத் தொடங்கினான். முன் அச்சைக் கட்டைமேல் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினான். சக்கரம் திரும்புகிற மூட்டில் செங்குத்தாக ஓர் இரும்பு முளை உண்டு. அது தேய்ந்து பிள்ளையின் பால்பல்லைப் போல ஆடியது. புது முளைக்குச் சாமான் கிடையாது. எரிந்த பஸ்ஸின் அச்சை வெட்டிக் கடைந்தான். முளையைச் சுற்றும் வெண்கல வளையத்துக்கு, ஆற்றில் மூழ்கிக் கிடந்த படகின் சுழல்தண்டிலிருந்து வெண்கலம் எடுத்தான். அச்சைத் தாங்கும் பட்டை வில்களைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, உடைந்த பட்டைக்கு மாட்டுவண்டிப் பட்டை வைத்துக் கட்டினான். கிரீசுக்குச் செம்பனை எண்ணெய். டியூப் கிடைக்காததால் டயருக்குள் ரப்பர் சீட்டைத் திணித்தான். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தான். நூல் நேர். கையை எடுத்ததும் சக்கரங்கள் அலுப்போடு வடக்கே திரும்பின.

சக்கரங்களை இணைக்கும் கம்பியைக் கழற்றி வேறு போட்டான். நூல் பிடித்தான். திரும்பின. இரண்டு மூட்டுகளையும் மாற்றினான். திரும்பின. சாயங்காலங்களில் ருக்மணி மரவள்ளிக் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தாள். அவை திரும்பியிருப்பதைக் கண்டதும் அவள் முகம் தெளியும். அதைப் பார்த்து அவன் மறுபடி நூலை எடுப்பான். ஒருவருக்கு நல்லதாக இருப்பது இன்னொருவருக்குத் தூக்குக் கயிறு என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் கூழைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஸ்டீரிங் பெட்டியை மட்டும் அவன் திறக்காமல் தள்ளிப்போட்டான். அணிவகுப்புக்கு முந்தின நாள் வேறு எதுவும் மிச்சமில்லை. மூடியைக் கழற்றி, பழைய எண்ணெயை வழித்துவிட்டுப் பார்த்தான். அடியில் பால் டின் தகடு. துடைத்தான். ஓரத்தில் அண்ணனின் பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும், அதுவும் தெரிந்தது. இவ்வளவு நாள் கழித்தும் அவனுக்குப் பல் கூசியது.

ருக்மணியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“இத எடுத்தா நேராப் போயிடும் அண்ணி. அப்புறம் அண்ணன் எங்க, எப்படின்னு நமக்குத் தெரியாது.”

அவள் தகட்டைத் தொடவில்லை.

“எடுத்துட்டா அவருக்கு ஏதாச்சும் ஆவுமா?”

“தெரியல.”

அவள் கூழ்ச் சட்டியை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

“எடுத்துடுங்க தம்பி. ரெண்டு பேரையும் அங்க அனுப்பிட்டு நான் எந்தச் சக்கரத்தைப் பாக்குறது?”

அவன் வேறு டின்னை வெட்டி, அரத்தால் தேய்த்து, புதுத் தகடு வைத்து மூடினான். சக்கரங்கள் வைத்த இடத்தில் நின்றன. அதைப் பார்க்கச் சகிக்காமல் இருவரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் கடலோரத் திடலில் சனங்கள் இடுப்பு வளையக் குனிந்து நின்றார்கள். நிமிர்ந்தால் அடி. குனிந்த தலைக்குக் காரின் சக்கரங்கள்தான் தெரிந்தன. அவை நேராகப் போயின. கூட்டத்தில் அழுத தோட்டத்துப் பெண்களைப் பார்த்து, பக்தி என்று லெப்டினன்ட் நினைத்துக்கொண்டதாகச் சமது சொன்னார்.

தகட்டை ருக்மணி புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். அடிக்கடி அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். அது பால் டின் தகடாகவே கிடந்தது. பல வாரம் அப்படி. அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு ஒருநாள் தியாகுவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். டயருக்குப் பதில் ரப்பர் தண்ணீர்க் குழாய் மாட்டிய சைக்கிள்.

“இதுல போடுங்க தம்பி. தகடு மட்டும் என்ன செய்யும்? திரும்புறதுக்கு ஒண்ணு வேணும்ல.”

கைப்பிடியின் கழுத்து நட்டுக்கு அடியில் தகட்டை வைத்து முடுக்கினான். சைக்கிள் ஒருமுறை சிலிர்த்தது. கைப்பிடி வடக்கே திரும்பியது, கொஞ்சம் மேற்கு. ருக்மணி அன்று இரண்டு தட்டுக் கூழ் குடித்தாள்.

ஜப்பான்காரன் தோற்றான். கடிகாரங்களைப் பழைய நேரத்துக்குத் திருப்பினார்கள். லெப்டினன்ட் காரைச் சரணடையும் இடத்துக்கு ஒரு கோணலும் இல்லாமல் ஓட்டிப்போய் ஒப்படைத்தான். சயாமிலிருந்து ஒருவர் இருவராக ஆட்கள் திரும்பினார்கள். தியாகுவைப் பற்றிக் கேட்டால், பார்த்த மாதிரி இருக்கு என்றார்கள். கைப்பிடி நகரவில்லை. போகப்போகக் கருணாகரன் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் ருக்மணி பெருக்கிக்கொண்டிருந்தபோது கைப்பிடி நேர் வடக்கே நின்றது. தம்பின் இருக்கும் திசை. தம்பினிலிருந்து ரயில் இல்லை. தண்டவாளம்தான் சயாமில் இருக்கிறதே. நடந்துதான் வர வேண்டும். கைப்பிடி கடிகார முள்போல மேற்கே ஊர்ந்தது. தூரத்தில் இருப்பவன் எவ்வளவு நடந்தாலும் திசை மாறாது; மாறுகிறது என்றால் ஆள் பக்கத்தில் வந்துவிட்டான் என்று கருணாகரன் கணக்குப் பண்ணிச் சொன்னான். மத்தியானம் அது ஒரே இடத்தில் நின்றது. அரை மணி பார்த்தாள். நகரவில்லை. வீட்டுக்கு வருகிறவர் ஏன் நிற்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். கருணாகரன் பின்னால் ஓடினான்.

சைக்கிள் அவர்களைப் புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது. லாரி நின்ற இடத்தில் தியாகு நின்றார். முட்டி மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் குச்சி. அவளைப் பார்த்து, “பை எங்க?” என்றார்.

“என்ன பை?”

“ஸ்பேனர் பை. இங்கதான வச்சேன்.”

“வீட்ல இருக்கு. வாங்க,” என்றாள். வீட்டில் பை இல்லை.

அவரைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தாள். கைப்பிடி அவரைப் பார்க்கத் திரும்பியதால் சைக்கிள் அதே இடத்தில் வட்டமடித்தது. இறங்கினார்கள். அவர் முன்னால் நடந்தார். சைக்கிள் பின்னால் வந்தது. வீட்டு வாசலில் அவர் கழுத்து நட்டைப் பார்த்தார்.

“எவன்டா இதுல தகடு வச்சது? நட்டு நிக்காதே.”

“நிக்குது அண்ணே,” என்றான் கருணாகரன்.

தியாகு பட்டறையில் உட்காரவில்லை. தினமும் விடிந்ததும் எழுந்து வடக்கே நடக்கத் தொடங்கிவிடுவார். எங்கே என்று கேட்டால் வேலைக்கு என்பார். அந்தச் சைக்கிளை ஒருவன் ஒருமுறை திருடினான். அது அவனைத் தியாகு உட்கார்ந்திருந்த மரத்தடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மற்றபடி யாரும் தொடுவதில்லை. ருக்மணி சமையலை முடித்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் அவரைக் கூட்டிவரக் கிளம்புவாள். வழி கேட்க மாட்டாள். கைப்பிடியையும் பிடிக்க மாட்டாள். களைத்திருப்பாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு மிதிக்க மட்டும் செய்வாள்.